ஒல்லி நாக்கு

பதினான்கு குறிகள், தொண்ணூற்று நான்கு செடிகள். ஆக ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு விடைகள். கடைசிக் கண்ணாடித் தட்டை விளக்குப் பலகைமேல் வைத்துப் பார்த்தபோது, அத்தனை விடையும் ஒன்றுதான் என்பது அனாயி கோர்போவுக்கு உறுதியாயிற்று.

ஆகஸ்ட் மாதம், தென்கோளத்துக் குளிர்காலம். ரோச்சா நகரத்தில் மூன்று நாளாக விடாத தூறல். ஆய்வகத்தில் இருந்த ஒரே சூடேற்றியைப் பக்கத்து அறைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அனாயி கம்பளிக் கோட்டின்மேல் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, பலகைமேல் குனிந்து நின்றாள்.

"ஏதாவது மாறுதா?" என்று கேட்டான் ஏபெர். ஆய்வகக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கியபடியே மத்தே என்னும் இலைத் தேநீருக்கான சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மாறல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"ஒருவேளை தொண்ணூத்திநாலு தடவையும் ஒரே செடியக் கிள்ளிட்டு வந்துட்டியோ என்னவோ."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்தச் செடியின் மரபிழையிலும் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள், தட்டச்சுப் பொறியின் விசை சிக்கிக்கொண்டதுபோல, திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் பன்னிரண்டு முறை, இன்னொன்றில் பதினேழு முறை. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வொரு செடியிலும் இரண்டு எண்ணிக்கை இருக்கும். அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்கி, கூழ் ஊற்றிய தட்டில் மின்சாரத்தால் ஓடவிட்டால் கோடுகளாகத் தெரியும். எண்ணிக்கை இரண்டும் ஒன்றானால் ஒரு கோடு, வேறானால் இரண்டு. எந்தச் செடி எதற்கு உறவு, எந்தக் கரையில் புது ரத்தம் இருக்கிறது என்று அந்தக் கோடுகளை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் குறி எனப்படும் அந்த இடம் எது என்பது செடிக்குச் செடி வேறு. ஒவ்வோர் இனத்துக்கும் யாராவது உட்கார்ந்து கண்டுபிடித்தாக வேண்டும். கடல்நாய் நாக்குச் செடிக்கு அதுவரை யாரும் உட்காரவில்லை. அனாயி மூன்று வருஷம் உட்கார்ந்தாள். அறுபது இடங்களில் தொடங்கி, படியாதவற்றையும் கலங்கலாகப் படிந்தவற்றையும் கழித்து, பதினான்கில் வந்து நின்றாள்.

நாக்குச்செடி மணல்மேடுகளில் படரும். சாம்பல் பச்சை இலை, உள்ளங்கை நீளம், தடிமனாக, சொரசொரவென்று. மணலுக்கு அடியில் தண்டை ஓட்டி மேட்டையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் பிரேசில் எல்லைவரை எல்லாக் கரையிலும் இருந்ததென்று பழைய பட்டியல்கள் சொல்கின்றன. சவுக்குத் தோப்பும், கோடை வீடுகளும், மேட்டில் ஏறி விளையாடும் ஜீப்புகளும் வந்தபின் பதினோரு கரைகளில்தான் மிஞ்சியிருந்தது. அந்தப் பதினொன்றிலும் அனாயி இலை எடுத்திருந்தாள்.

பேராசிரியர் பேர்த்தோலா மான்ட்டிவிடேயோவிலிருந்து அன்று மாலையே தொலைபேசியில் வந்தார். அனாயியின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி.

"படங்களப் பாத்தேன். பதினாலுல ஆறு குறில ரெண்டு ரெண்டு கோடு. எல்லாச் செடியிலயும் அதே ரெண்டு கோடு. சரியா?"

"சரிதான்."

"ஒரு செடில ரெண்டு கோடு இருந்தா அதோட பிள்ளைங்கள்ல பாதிக்காவது மாறணும். மாறலன்னா என்ன அர்த்தம்? நீ ஒரே நேரத்துல ரெண்டு வேற இடத்தப் படிச்சுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். இடம் தப்பு அனாயி. குறி தப்பு."

"இல்ல, எல்லாமே ஒரே..."

"ஒரே என்ன? பதினோரு கரை, எழுபது கிலோமீட்டர். செப்டம்பர் இருபதாம் தேதி உன் ஆய்வுக் குழு கூடுது. வேற மாதிரி கோடு காட்டுற ஒரே ஒரு செடியக் கொண்டா, நான் உனக்காகப் பேசறேன். இல்லைன்னா இந்த வேலைய மூடிடுவாங்க. நானே மூடச் சொல்லுவேன், கோவிச்சுக்காத."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். புது மருந்து, புதுக் குழாய், புதுக் கையுறை. இலையே போடாத வெறும் குழாயையும் சேர்த்து ஓட்டினாள். அதில் கோடு வரவில்லை. அப்படியானால் கலப்படம் இல்லை. மற்ற குழாய்களில் அதே கோடுகள். மிச்சம் இருந்தது ஒரே சந்தேகம்: இரண்டு வருஷத்துக்கு முன் இலைகளைப் பையில் போட்டபோது தானே குழப்பிவிட்டோமோ என்பது. அதைத் தீர்க்க வேண்டுமானால் திரும்பவும் கரைக்குப் போய்ப் பச்சை இலை எடுக்க வேண்டும். செடி அதிகமாக இருந்த இடம் பார்ரா சீக்கா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள்.

நெடுஞ்சாலை முனையில் ஊர் லாரியோடு அதன் ஓட்டுநர் வாஷிங்டன் காத்திருந்தான். பார்ரா சீக்காவுக்குள் பஸ் போகாது. நான்கு கிலோமீட்டர் மணல் தடம். மீன் கொண்டுபோகும் அந்த லாரிதான் ஊருக்கு வண்டி, வாடகைக் கார், ஆம்புலன்ஸ் எல்லாம்.

"டாக்டரம்மா திரும்ப வந்தாச்சா!"

"இன்னும் டாக்டர் ஆகல வாஷிங்டன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. என் நாய் படிச்சிருந்தாக்கூட இந்நேரம் ரெண்டு பட்டம் வாங்கியிருக்கும்."

"உங்க நாய்க்கு ஆராய்ச்சிப் பணம் சீக்கிரம் கிடைச்சிருக்கும்."

"அக்கா காலைலேருந்து உங்களுக்காகக் கடற்பாசி வடை சுட்டு வச்சிருக்கா. சாப்பிட்டுட்டு அப்புறம் தரைய மோந்து பாருங்க."

அக்கா என்பது நீபியா தெச்செரா. ஐம்பது வயதை இன்னும் தொடவில்லை. கூட்டுறவுக் கொட்டகையில் மீன் அறுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைமை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு புயல் கரையோர வரிசையில் இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு போனது, ஒன்று அவளுடையது. அடுத்த மாதமே அவள் நாக்குச்செடியை நட ஆரம்பித்தாள். நட்டவை தழைத்தன. மணல் நின்றது. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் இப்போது ஆள் உயரத்துக்கு மேடு. அதன்மேல் கம்பளி விரித்ததுபோல் சாம்பல் பச்சை. பதினோரு கரைகளில் இதுதான் அழகு, செடியைக் காப்பாற்றியவள் நீபியா என்று அனாயி தன் அறிக்கையிலேயே எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை நீபியா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்திருந்தாள்.

மதியம் நீபியாவின் சமையலறையில் உட்கார்ந்தார்கள். கடற்பாசி வடை ஆறிப்போயும் நன்றாக இருந்தது. மத்தே சுற்றிவந்தது: நீபியா ஊற்றுவாள், அனாயி குடித்துத் திருப்பிக் கொடுப்பாள், பிறகு வாஷிங்டன். வெளியே தெற்குக் காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"முகம் ஏன் வாடியிருக்கு?" என்றாள் நீபியா.

"வேலை சரியா வரல. எல்லாச் செடியும் ஒரே மாதிரி காட்டுது."

"ஒரே மாதிரிதான இருக்கு. எல்லாம் கொழுகொழுன்னு."

"அப்படி இல்ல. அண்ணன் தம்பின்னாலும் கைரேகை வேற வேறதான? இங்க எல்லாத்துக்கும் ஒரே ரேகையாத் தெரியுது. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்." அனாயி குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க முதல்ல நட்டப்போ செடி எங்கேருந்து எடுத்தீங்க?"

"எங்க வேலியோரத்துலேருந்துதான். வீட்டக் கடல் கொண்டுபோச்சு, வேலியும் செடியும் நின்னுச்சு. அதுலேருந்து வெட்டி வெட்டி வச்சேன். அப்புறம் வச்சதுலேருந்து வெட்டி வச்சேன்."

"மேடு முழுக்கவா?"

"மேடு முழுக்க."

அனாயி வடையைத் தட்டில் வைத்தாள். பார்ரா சீக்காவுக்கு அது விளக்கம். மற்ற பத்துக் கரைகளுக்கு?

"மத்த ஊர்க்காரங்களுக்கு நீங்க குடுத்தீங்களா?"

நீபியா தம்பியைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள்.

"குடுக்கறதா? குடுத்தா வேர் புடிக்குமா? நீ எந்த ஊர்க்காரி?"

"சால்த்தோ. உள்நாடு."

"அதான். உங்க அம்மா யாருகிட்டயாவது ரோஜாக் கிளை கேட்டு வாங்கி வச்சிருக்காங்களா?"

அனாயி யோசித்தாள். அவள் அம்மா அடுத்த தெருவுக்குப் போய்வரும்போதெல்லாம் கைப்பைக்குள் ஈரத் துணி சுற்றிய ஏதோ ஒரு குச்சி இருக்கும். கேட்டு வாங்கியதாக நினைவில்லை.

"திருடணும்," என்றான் வாஷிங்டன். "கேட்டு வாங்கினா அழுகிடும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பிப்ரவரி ரெண்டாம் தேதி கடலம்மாவுக்குப் பூ விட இந்தக் கரையோரத்து எல்லா ஊர்க்காரனும் இங்கதான் வர்றான். போகும்போது ஒவ்வொருத்தன் சட்டைக்குள்ளயும் பாருங்க. அக்கா வேணும்னே அந்தப் பக்கம் திரும்பி நிப்பா."

"திரும்பி நிக்கலைன்னா எப்படித் திருடுவாங்க? பாவம்," என்றாள் நீபியா. "வல்லேஹோவுலேருந்து ஒரு பாதிரியார் வந்தார், நெனவிருக்காடா? அங்கிக்குள்ள வச்சுக்கிட்டு என்கிட்டயே வந்து ஆசீர்வாதம் பண்ணினார். நல்லாப் பெரிய கிளை. இப்ப அவங்க கரைல எவ்வளவு இருக்கு தெரியுமா?"

அனாயிக்குத் தெரியும். எட்டு இலை அங்கிருந்து எடுத்தவைதான். ஐந்தாவது கரை, முப்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்றுவரை.

முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் பிறகு நினைத்து வெட்கப்பட்டாள். குறி தப்பில்லை. ஆறு குறிகளில் வந்த இரண்டு கோடுகள் இரண்டு இடங்கள் இல்லை. ஒரே செடியின் தாய்வழியும் தந்தைவழியும்தான். பிள்ளைகளில் மாறவில்லை, ஏனென்றால் பிள்ளைகளே இல்லை. எழுபது கிலோமீட்டருக்கு ஒரே செடி, வெட்டி வெட்டி வைத்தது.

"நீபியா, இதுல விதை பாத்திருக்கீங்களா?"

"நவம்பர்ல பூக்கும், தேனீ வரும். முள்ளு முள்ளாக் காய் வரும். உள்ள ஒண்ணும் இருக்காது. விதையக் காத்து அள்ளிக்கிட்டுப் போயிடுது."

"காத்து இல்ல," என்று சொல்லிவிட்டு அனாயி நிறுத்தினாள். சொல்லாமல் பஸ் ஏறிவிடலாம். அறிக்கையில் யாருக்கும் புரியாத மொழியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த அறிக்கையும் ஒருநாள் கொட்டகைச் சுவருக்குத்தான் வரும். "சில செடி தன்னோட மகரந்தத்தத் தானே ஏத்துக்காது. வேற ஒரு செடியோடது வேணும். பக்கத்துல இருக்கறதும் அதேதான்னா, எத்தனை தேனீ வந்தாலும் விதை பிடிக்காது."

நீபியா குடுக்கையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் நீர் விளிம்பைத் தாண்டி மேசைமேல் வழிந்தது.

"இரு. எவ்வளவு இருக்கு மேட்டுல? ரெண்டாயிரம்?"

"இருக்கும்."

"அந்த ரெண்டாயிரமும் ஒண்ணு."

"ஒண்ணு."

"வல்லேஹோவுல இருக்கறது?"

"அதுவும்தான்."

"அப்ப ஒரு நோய் வந்தா?"

அனாயி மேசைமேல் வழிந்த நீரைத் துடைத்தாள்.

"பத்தொன்பது வருஷம்," என்றாள் நீபியா. "ஜூலை மாசத்துல, கை வெறைக்க வெறைக்க. இந்தச் செடியக் காப்பாத்தினவள்னு நீயே எழுதிக் குடுத்த. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். இப்ப வந்து ஒண்ணுதான்ற."

"மணல் நின்னது பொய் இல்ல நீபியா. வீடுங்க நிக்குது."

"வீடு நிக்குது, சரி." அவள் எழுந்து, குடுக்கையில் இருந்த இலையை வாளியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மத்தே கவிழ்ந்தால் விருந்து முடிந்தது. வாஷிங்டன் தொப்பியை எடுத்துக்கொண்டான். "வாங்க டாக்டர், நீங்க தங்கற அறையில விட்டுட்டு வர்றேன்," என்றான், வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல்.

காலையில் ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அனாயி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போவதாக எண்ணம். வாசலில் நீபியா ரப்பர் பூட்ஸோடு, கையில் மீன் அறுக்கும் கத்தியோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"கத்தியப் பாத்துப் பயப்படாத. வா."

"எங்க?"

"வாயேன்."

கொட்டகையின் பின்பக்கம், காற்று படாத பள்ளம் ஒன்று. மீன் கழிவைக் கொட்டும் இடம். கடற்பறவைகள் கத்திக்கொண்டு எழுந்தன. நீபியா பள்ளத்தின் விளிம்பில் நின்றாள், உடனே இறங்கவில்லை.

"நேத்து ஒண்ணு உன்கிட்ட சொல்லல. சொல்லணும்னு தோணவே இல்ல, அப்பறம் படுத்தப்பறம்தான் தோணுச்சு. ஆரம்பத்துல மேட்டுல சில நேரம் நான் நடாதது முளைக்கும். வருஷத்துக்கு ரெண்டு, மூணு. இலை இப்படி இருக்காது. ஒல்லியா, சுருங்கி, ஓரமெல்லாம் பழுப்பா. ஒல்லி நாக்குன்னு பேரு வச்சோம். பாக்க நல்லாவே இருக்காது. நல்ல செடியோட இடத்தத் தின்னுதுன்னு..." அவள் கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "நான்தான் பிடுங்கினேன். எல்லாத்தையும். மத்த பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன், இது வேணாம், இத எடுத்துருன்னு. இப்ப அஞ்சாறு வருஷமா முளைக்கறதே இல்ல. நல்லா சுத்தமாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

நடாமல் முளைத்தது என்றால் விதையிலிருந்து முளைத்தது. விதை என்றால் இன்னொரு செடி.

"பிடுங்கி எங்க போட்டீங்க?"

"இங்கதான். வேற எங்க போடுவேன்?"

இறங்கினார்கள். போன பருவத்துச் சுறாத் தலைகள் காய்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கிழிந்த வலை, எண்ணெய் டப்பா, பாதி புதைந்த படகு ஒன்றின் விலா எலும்புகள். நீபியா மேற்கு ஓரத்திலிருந்து, அனாயி கிழக்கு ஓரத்திலிருந்து. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. காசு போன்ற வட்ட இலைக் கொடிகளும் கடற்கரைப் புல்லும்தான். ஒருமுறை அனாயி கூவினாள். போய்ப் பார்த்தால் ரப்பர் கையுறையின் விரல்.

வாஷிங்டன் மேலே வந்து நின்று பார்த்தான். "ரெண்டு பேரும் எதத் தொலைச்சீங்க? பல் செட்டா?"

"இறங்கி வாடா. ஒல்லி நாக்கத் தேடு."

"அதையா? அத நீதான வேண்டாம்னு..."

"வாய மூடிக்கிட்டுத் தேடு."

கண்டுபிடித்தது அவன்தான். படகின் முன்பக்கம், பலகைக்கு அடியில், காற்றும் பறவையும் நுழையாத ஒரு சந்து. மூன்று செடிகள். இலைகள் விரல் அகலம்கூட இல்லை. சுருண்டு, பழுப்பு ஓரம் கட்டி, மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிடுங்கி எறிந்தவை எப்படியோ கழிவு உரத்தில் வேர் ஊன்றியிருந்தன. நீபியா மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஓர் இலைமேல் இருந்த செதிலை நகத்தால் எடுத்தாள்.

"எவ்வளவு வெட்டணும்?"

"நகம் அளவு. மூணுலயும்."

"நானே வெட்டறேன்."

கத்தி முனையால் மூன்று துண்டு வெட்டி, அனாயி நீட்டிய மூன்று பைகளில் போட்டாள். பைமேல் என்ன எழுதுவது என்று அனாயி ஒரு கணம் யோசித்து, 95, 96, 97 என்று எழுதினாள்.

அன்று பஸ்ஸில் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டாள். இலை ஒல்லியாக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. நிழலில் வளர்ந்தாலும் ஒல்லியாகும், உப்பு அதிகமானாலும் ஒல்லியாகும். அதே செடியாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை இலைகளை அரைத்தாள். செவ்வாய் பெருக்கினாள். புதன் காலை கூழ்த் தட்டை ஓட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்தாள். கோடுகள் மெதுவாகத்தான் வரும். மஞ்சள் படிந்து, பிறகு பழுப்பாகி. ஏபெர் அவள் தோளுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான்.

"தள்ளி நில்லு."

"நான் மூச்சு விட்டா கோடு நகரப் போகுதா?"

முதல் வரிசையில் பழைய செடி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதற்குப் பக்கத்தில் 95. பழைய செடியில் இரண்டு கோடு இருந்த இடத்தில் இதற்கும் இரண்டு கோடு. ஆனால் ஒன்றுதான் நேராக இருந்தது. இன்னொன்று கீழே, தெளிவாக, அரை விரல் கீழே இருந்தது. 96-ம் 95 போலவேதான். ஒரே வேரின் இரண்டு தண்டாக இருக்க வேண்டும். 97-ல் எந்தக் கோடும் எதோடும் பொருந்தவில்லை.

ஏபெர் போய், பக்கத்து அறையிலிருந்து சூடேற்றியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான்.

அவள் மூன்று முறை திரும்பச் செய்தாள். கெட்ட விடையைச் சந்தேகப்பட்டதுபோலவே நல்ல விடையையும் சந்தேகப்பட வேண்டும். பதினான்கு குறிகளையும் ஓட்டி முடிக்க எட்டு நாள் ஆனது. பேர்த்தோலாவுக்குப் படங்களை அனுப்பினாள். அவர் கூப்பிடவில்லை, ஒரு வரி எழுதினார்: "குறிகள் நன்று. நான் தவறு. அட்டவணையை அனுப்பு."

அட்டவணையை நிரப்பும்போதுதான் அவளுக்குக் கை நின்றது. கரையின் பெயர், எடுத்த இலைகள், தனித்தனிச் செடிகள் என்று மூன்று கட்டங்கள். பதினோரு பெயர்களுக்கு எதிரே, இலைகள் தொண்ணூற்று நான்கு; செடிகள் ஒன்று. அப்படியே எழுதினாள். பட்டம் கிடைக்கும். இதைவிட மோசமான அட்டவணையை அவள் பார்த்ததும் இல்லை.

பிறகு நீபியாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கொட்டகைச் சத்தம் கேட்டது: தண்ணீர்க் குழாய், கத்திகள், பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது.

"சொல்லு. ஒண்ணுதானா?"

"இல்ல. வேற. மூணுல ரெண்டு தனி ஆளு."

மறுபுறம் தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது. பெண்களின் பேச்சும் நின்றது.

"இன்னொரு விஷயமும் இருக்கு," என்றாள் அனாயி. "ரெண்டுல ஒண்ணு, தொண்ணூத்தஞ்சுன்னு பேரு வச்சேன். பதினாலு குறிலயும் அதுக்குப் பாதி உங்க செடியோடது. எந்த இடத்துலயும் தப்பல. அது உங்க செடியோட பிள்ளை நீபியா."

நீபியா கத்தியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளையத்தான் பிடுங்கினேனா?"

"ஆமா. ஆனா ஒண்ணு பிழைச்சிருக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, கொட்டகைக்கே உரிய குரலில்: "மீதிப் பாதி? அப்பன் யாரு? அந்த இன்னொரு ஒல்லியா?"

"அது இல்ல. பாத்துட்டேன், பொருந்தல. வேற ஏதோ ஒண்ணு. இருந்திருக்கு. இப்ப இருக்கா செத்துப்போச்சான்னு தெரியாது."

நீபியா தொலைபேசியை வாயிலிருந்து எடுக்காமலேயே கொட்டகைக்குள் கத்தினாள். "டேய் வாஷிங்டன்! அப்பன் யாருன்னே தெரியலையாம்!" பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். யாரோ ஏதோ சொன்னார்கள், சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அது அடங்கும்வரை நீபியா பொறுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தேனீ எவ்வளவு தூரம் பறக்கும்?"

"ரெண்டு கிலோமீட்டர். காத்து இருந்தா குறைச்சல்."

"அப்படின்னா வடக்கே ஓடை வரைக்கும், தெற்கே சவுக்குத் தோப்பு வரைக்கும். தோப்புக்குள்ள யாரும் போறதில்ல, முள்ளு." அவள் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "இங்க பதினாறு பொம்பளைங்க இருக்கோம். எல்லாருக்கும் ஒல்லி நாக்கு எப்படி இருக்கும்னு தெரியும், நான்தான சொல்லிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை கொட்டகை லீவு. நீ பை எடுத்துக்கிட்டு வா. நூறு பை எடுத்துக்கிட்டு வா."

"நூறு கிடைக்காது நீபியா. ஒண்ணு கிடைச்சாலே பெரிசு."

"நீ எடுத்துக்கிட்டு வா," என்றாள் நீபியா, குழாயை மறுபடி திறந்துகொண்டே.